ஆவான் படம்

சிவசங்கரியின் அடையாள அட்டையில் ‘சமூக ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருந்தது. புதுச்சேரி ரயில் நிலைய மதிலோரம் படுத்திருப்பவர்களின் வாயில் அது நுழையவில்லை. கோஆர்டினேட்டர் அம்மா என்று தொடங்கி, கோடினேட்டரம்மா என்று குறுகி, கடைசியில் கோடியம்மா என்று நின்றுபோனது.

அந்தப் பெயரை வைத்தவள் செல்வாம்பாள். மதிலோரத்தில் பதினோரு வருடமாக இருப்பவள். வயது அறுபதுக்கு மேல், இடது காலில் ஆறாத புண், வாயில் ஓயாத கிண்டல். பயிற்சிக்கு வரச்சொல்லி சிவசங்கரி முதல்முறை அவளிடம் ஒரு புதுப் புடவையை நீட்டியபோது, செல்வாம்பாள் அதைத் தொடவில்லை.

“செத்தவங்களுக்குத்தான் கோடி போடுவாங்க. நீ உசுரோட இருக்கறவளுக்கே போட வந்துட்டியா? உனக்குச் சரியாத்தான் பேரு வெச்சிருக்கேன், கோடியம்மா.”

சிவசங்கரி சிரித்துவிட்டுப் புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆறு வருட வேலையில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட வேண்டும்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. லாஸ்பேட்டையில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தாள். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் அது நிற்கும் இடங்கள் பலவாக இருக்கும். ஆதார் அட்டை இல்லாதவரை மையத்துக்குக் கூட்டிப்போவாள். அங்கே முகவரி கேட்பார்கள். தன் அறக்கட்டளை நடத்தும் தங்குமிடத்தின் முகவரியைக் கொடுத்துக் கெஞ்சுவாள். இருமல் நிற்காதவரை ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரவைப்பாள். முடிவெட்டுகிறவர் தன் கடைக் கத்தரி இவர்கள் தலையில் படக்கூடாது என்று சொன்னதால், தனியாக ஒரு கத்தரியும் இரண்டு சீப்பும் வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டாள். பிறகு ஓட்டல் ஓட்டலாக ஏறி, “ஆளு எடுப்பீங்களா சார்? நல்லா ட்ரெய்னிங் குடுத்திருக்கோம்” என்று கேட்பாள். நோய், குடி, கோபம், பசி எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிறுத்துவதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு.

அவளுடைய வேலையும் ஒப்பந்த வேலைதான். பிரான்சில் லியோன் என்ற ஊரில் இருக்கும் ஒரு குழு வருடா வருடம் மார்ச் மாதம் திட்டத்தைப் புதுப்பிக்கும். புதுப்பிக்காவிட்டால் அவளும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பயிற்சிக்கு வருபவர்களிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை.

அந்த வருடம் நவம்பரில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்வதும், விரிப்பு, துண்டுகளைத் துவைத்துத் தேய்த்து மடிப்பதும் மூன்று மாதப் பயிற்சி. தங்குமிடத்தில் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, சாம்பல் நிறச் சீருடை. பத்துப் பேருக்காவது வேலை கிடைத்தாக வேண்டும் என்று லியோன்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

பதினோரு பேரில் முருகையனைப் பார்த்தால் தெருவில் படுத்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐம்பத்தைந்து வயது. மில்லில் துணி மடிக்கும் பிரிவில் இருந்தவர். மில் மூடியது, பிறகு மனைவி போய்ச் சேர்ந்தாள், பிறகு வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. இரண்டு வருடம் மதிலோரத்தில் படுத்தார். ஆனால் தினமும் விடிந்ததும் நிலையத்துக் குழாயில் குளித்து, கண்ணாடித் துண்டை மதில் இடுக்கில் செருகி வைத்துக்கொண்டு முகச்சவரம் செய்வார். ஒரு வெள்ளைச் சட்டையைச் செய்தித்தாளுக்குள் மடித்துத் தலைக்கடியில் வைத்துப் படுப்பார். தேய்ப்புப் பெட்டி வேண்டியதில்லை, தலைப் பாரமே மடிப்புப் பிடித்துவிடும்.

அந்தச் சட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று அதைப் போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் மகள் சுடர்விழி வீட்டுக்குப் போவார். மகளின் மாமனார் மாமியாரிடம், தான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் என்றும், தங்க அறை கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிவைத்திருந்தார். மகளுக்கும் அதுதான் தெரியும்.

“வாரத்துல ஆறு நாளு நான் முருகையன்மா. ஞாயித்துக்கெழம மட்டும் ஸ்டோர் கீப்பர்” என்று அவரே சிவசங்கரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சுடர்விழி கர்ப்பமாக இருந்தாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி வளைகாப்பு. “ஊரே வரும். நாலு பேரு, எந்தக் கம்பெனி, எந்த கேட்டுன்னு கேப்பாங்க. அதுக்குள்ள ஒரு வேல கெடச்சி ஒரு கார்டு கழுத்துல தொங்குச்சின்னா போதும். சொன்ன பொய்யெல்லாம் நெஜமாயிடும்.” அவர் பயிற்சிக்கு வந்ததே அதற்காகத்தான்.

ஜனவரி தொடக்கத்தில் கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றிலிருந்து துணிப் பிரிவு மேற்பார்வையாளர் சரிதா வந்து பார்த்தாள். முருகையன் ஒரு பெரிய விரிப்பைத் தனியாளாக மடித்தார். தாடையால் ஒரு முனையைப் பிடித்து, இரண்டு கைகளையும் விரித்து, நாலு உதறு உதறினார். கீழே வைத்தபோது அது பெட்டி மாதிரி இருந்தது.

“இவர நானே எடுத்துக்கறேன். பிப்ரவரி ஒண்ணாந்தேதி டூட்டிக்கு வரட்டும்” என்றாள் சரிதா.

முருகையன் அன்று முழுக்க விரல்களை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். மாலையில் சிவசங்கரியிடம் வந்து, “ஒம்பதாந்தேதி மட்டும் லீவு கேட்டா குடுப்பாங்களாம்மா?” என்று கேட்டார். சேருவதற்கு முன்பே விடுமுறை கேட்கிறவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கு அடுத்த வாரம் லியோனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அறக்கட்டளைச் செயலாளர் புருஷோத்தமன் அவளை அழைத்தார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். லியோன்காரர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைக் குறைத்துக்கொள்வார்.

“லியோன் மதாம் போட்டோ கேக்கறாங்க சிவசங்கரி. ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு. ட்ரெய்னிங்குக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அவான், அப்ரே. எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

அவள் எடுத்து வைக்கவில்லை. சேர்க்கை நாளன்று ஒரு கிழவருக்கு வலிப்பு வந்து, அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதில் அது மறந்துபோனது. மறுநாள் பதினோரு பேரும் குளித்து முடிவெட்டிக்கொண்டு சீருடையில் நின்றார்கள். பேன் இருந்த பழைய துணிகளை அவளே கொல்லைப்புறத்தில் கொளுத்தினாள்.

“இப்ப எடுத்தா எப்பிடி சார்? எல்லாரும் சுத்தமா இருக்காங்களே.”

“அதே ஆளுங்கதானே? அதே எடந்தானே? கூட்டிட்டுப் போயி எடுத்துட்டு வாங்க. பொய்யா சொல்றோம்? முன்னாடி அப்பிடித்தானே இருந்தாங்க?”

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், ஒரு லோடு வண்டியில் பதினோரு பேரையும் ஏற்றிக்கொண்டு ரயில் நிலைய மதிலுக்குப் போனாள். அழுக்குத் துணிக்கு எங்கே போவது? மதிலோரத்தில் மிச்சமிருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

செல்வாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

“ஏய், எல்லாரும் வாங்கடி! அழுக்கு வாடகைக்குக் கேக்குறா கோடியம்மா! இந்தா, இந்தக் கோணி ரெண்டு வருசத்து அழுக்கு, பாத்துப் பத்தரமா திருப்பிக் குடுக்கணும். தொவைச்சிகிவைச்சிப் புடாத, வெல போயிடும்.”

“ஆயா, சும்மா இரேன்” என்றாள் சிவசங்கரி.

“நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? நெஜமா அழுக்கா இருக்கறவ நான் இங்க குந்தியிருக்கேன். என்னை எடுக்க மாட்டியாம். குளிச்சவனக் கூட்டியாந்து அழுக்காக்கி எடுப்பியாம். நல்லா இருக்குடி உன் ட்ரெய்னிங்கு.”

பதினோரு பேரும் சிரித்தார்கள். இருபத்தெட்டு வயது தாமரைச்செல்வி தலைமுடியைப் பிரித்து விரித்துவிட்டு, கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். “அக்கா, நான் அழுவட்டுமா, இல்ல சும்மா மூஞ்சத் தொங்கப் போடட்டுமா?” அவள் கேட்ட விதத்தில் மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். ஒரு படமும் சரியாக வரவில்லை. வேர்க்கடலை வண்டிக்காரரின் சட்டி அடியிலிருந்து கரியைச் சுரண்டி, தேங்காயெண்ணெயில் குழைத்து, சிவசங்கரி ஒவ்வொருவர் முகத்திலும் பூசினாள்.

“இதுக்கு இன்னா பேரு சொன்ன? ஆவான் படமா?” என்று கேட்டாள் செல்வாம்பாள்.

“ஆவான் இல்ல ஆயா, அவான். பிரெஞ்சு வார்த்த. முன்னாடின்னு அர்த்தம்.”

“எங்களுக்கு ஆவான்தான். இன்னா ஆவான்? அதச் சொல்லு.”

பத்துப் பேர் முடிந்தார்கள். முருகையன் மட்டும் வண்டியின் மறைவில், சீருடையோடு, காலையில் மழித்த முகத்தோடு நின்றார்.

“நான் வேணாம்மா.”

“எல்லாரும் எடுத்துட்டாங்க அண்ணே.”

“நான் எப்பவும் அப்பிடி இருந்ததில்ல. உனக்கே தெரியும். நான் ரோட்டுல படுத்தேன். அழுக்கா படுக்கல.”

“தெரியும் அண்ணே. இது பைலுக்கு மட்டுந்தான். பிரான்சுக்குப் போவுது. இங்க எவன் பாக்கப்போறான்?”

“எடுத்துக்கலன்னா?”

சிவசங்கரி ஒரு நொடி யோசித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. லோடு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “பைல் முடியாது. பைல் முடியலன்னா சர்டிபிகேட் வராது. சர்டிபிகேட் இல்லன்னா ஓட்டல்ல எடுத்துக்க மாட்டாங்க.”

அது பொய். சரிதா சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. அது சிவசங்கரிக்கும் தெரியும்.

முருகையன் சீருடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, வண்டியின் இருக்கையில் வைத்தார். மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் தாடையில் கரியைத் தடவும்போது சிவசங்கரியின் விரலுக்கு அந்த வழவழப்பு தெரிந்தது. நாவிதரிடம் உட்கார்ந்தவர் மாதிரி அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கோணியைத் தோளில் போட்டாள். அவருடைய வலது கையை எடுத்து முழங்கால் மேல் வைத்து, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினாள்.

“நான் கையேந்தினவன் இல்லம்மா.”

“அஞ்சே செகண்டு அண்ணே. அசையாதீங்க.”

அந்த நேரம் பார்த்து விழுப்புரம் ரயிலில் வந்தவர்கள் வெளியே வந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து, “தாத்தாக்குப் போடு” என்றாள். குழந்தை ஓடிவந்து முருகையனின் உள்ளங்கையில் போட்டுவிட்டு ஓடியது. முருகையன் கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். அது தன் கைதானா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

சிவசங்கரி படத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முருகையன் நாணயத்தைச் செல்வாம்பாளின் கோணிமேல் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தைத் தேய்த்தார். எண்ணெய்க் கரி லேசில் போகவில்லை.

மாலையில் புருஷோத்தமன் எல்லாப் படங்களையும் பார்த்தார். “சான்றிதழ் விழாவுக்கு ஒரு பேனர் அடிக்கணும். இதுல எது நல்லா இருக்கு?” என்று கேட்டார். மதிய வெயிலில் அலைந்து, பத்துப் படம் வீணாகி, பதினொன்றாவது அவ்வளவு அருமையாக வந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் சிவசங்கரியின் விரல் தானாகப் போய் நின்றது. “இது சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. “இல்ல சார், இவர் வேணாம். வேற ஆளு...”

“இதான்மா படம்!” என்றார் புருஷோத்தமன். அவர் கண் கலங்கியிருந்தது.

விழா ஜனவரி முப்பதாம் தேதி. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையில் ஒரு மண்டபம் இலவசமாகக் கிடைத்ததால் அங்கேயே வைத்துவிட்டார்கள். காலையில் ஸ்கூட்டரில் வந்த சிவசங்கரி சிக்னலுக்கு முன்பே பிரேக் பிடித்தாள். மண்டபத்து வாசலில் ஒன்று, சிக்னல் அருகே ஒன்று, இரண்டும் பத்தடி உயரம். இடது பக்கம் ‘அன்று’ என்று போட்டு, கரி முகத்தோடு கையேந்திய முருகையன். வலது பக்கம் ‘இன்று’ என்று போட்டு, சீருடையில் முருகையன். பெரிதாக்கியதில் எண்ணெய் பளபளத்து, கரி பூசிய இடமெல்லாம் தோல் வியாதி மாதிரி தெரிந்தது.

“சார், அந்தச் சிக்னல் பேனர எறக்கச் சொல்லுங்க. அவரோட சம்பந்தி வீடு இந்தத் தெருவுக்குள்ளதான் இருக்கு.”

“பத்து நிமிஷத்துல சீப் கெஸ்ட் வந்துடுவாரும்மா. விழா முடியட்டும், எறக்கிக்கலாம்.”

கட்டியவர்களைக் கூப்பிட்டாள். ஏணி வேறு வேலைக்குப் போய்விட்டது, திங்கட்கிழமைதான் வருவோம் என்றார்கள்.

முருகையன் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். சிவசங்கரி என்னென்னவோ சொல்லத் தயாராக இருந்தாள். அவர் எதையும் கேட்கவில்லை. மேடையில் பெயரைக் கூப்பிட்டபோது போய் வாங்கிக்கொண்டார். கீழே வந்து சான்றிதழை அவளிடம் காட்டினார்.

“இது இருந்தா எடுத்துப்பாங்க இல்லம்மா?”

“எடுத்துப்பாங்க அண்ணே.”

அடுத்த நாள் காலையிலேயே சரிதா போன் செய்தாள்.

“மேடம், நம்ம டிரைவர் ஒரு போட்டோ அனுப்பினாரு. ரெட்டியார்பாளையம் பேனர்ல இருக்கறது நீங்க காட்டுன ஆளுதானே? மூஞ்செல்லாம் என்னமோ நோய் மாதிரி இருக்கு. அது கெஸ்ட் படுக்கற விரிப்பும்மா. எங்க ஸ்டாப்பே, அவரு வந்தா நாங்க அந்த ரூமுக்குள்ள வர மாட்டோம்ங்கறாங்க. என்ன வியாதி அது?”

அது கரி. வேர்க்கடலைச் சட்டிக் கரி. ஒரே வார்த்தை. அது சிவசங்கரியின் நாக்கு நுனியில் இருந்தது.

“கேட்டுச் சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டு, புருஷோத்தமனிடம் ஓடினாள்.

அவர் கதவைச் சாத்தினார். “கரின்னு சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. நாளைக்கு அந்த ஓட்டல்காரங்க நாலு பேருகிட்ட சொல்லுவாங்க. பொய்ப் படம் எடுத்த ட்ரஸ்டுன்னு லியோனுக்குப் போவும். மார்ச்ல திட்டம் மூடுவாங்க. அடுத்த வருசம் வர்ற பத்துப் பேருக்கு நீங்க பதில் சொல்லுங்க. உங்க வேலையையும் சேத்துத்தான் சொல்றேன்.”

“ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கித் தர்றேன் சார். நோய் இல்லன்னு.”

“நோய் இல்லன்னா படத்துல இருக்கறது இன்னான்னு கேப்பாங்க.”

ஐந்து நிமிடம் அந்த அறையில் நின்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் நினைத்தது முருகையனை அல்ல. லாஸ்பேட்டை வீட்டையும், அம்மாவின் மாத்திரைகளையும்தான். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சரிதாவுக்குத் திரும்ப போன் செய்தாள். “அவரு வேணாம் மேடம். வேற ஆளு அனுப்பறேன்.”

இன்னும் இடம் கிடைக்காமல் இருந்தவள் தாமரைச்செல்விதான். பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை சிவசங்கரியே அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் தாமரைச்செல்வி கேட்டாள்: “இது அண்ணன் எடமாக்கா?”

“இல்ல. இது வேற எடம்.”

முருகையனிடம், “ஓட்டல்ல கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்காங்க அண்ணே. அடுத்த மாசம் பாக்கலாம்” என்றாள். அவர் காலையிலேயே குளித்து, மழித்து, தங்குமிடத்து வாசலில் சான்றிதழோடு நின்றிருந்தார்.

“அடுத்த மாசமா? ஒம்பதாந்தேதி வளைகாப்பும்மா.”

“தெரியும் அண்ணே.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டு மாலையில்தான் வருவார். தங்குமிடச் சமையற்காரி ஆயம்மா என்ன என்று கேட்டதற்கு, “வூட்ல ஆளு இல்ல” என்றார். வீட்டில் ஆள் இருந்தது. சிவசங்கரி அடுத்த நாள் போனபோது எல்லோரும் இருந்தார்கள்.

சம்பந்தி சுப்பிரமணியன் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பால் வாங்கச் சிக்னல் பக்கம் போகிறவர். இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினார்.

“நீங்கதான் அந்த ட்ரஸ்டா?”

“ஆமாங்க. அந்தப் படம் பொய்ங்க. அவரு அப்பிடி இருந்ததே இல்ல. நாங்கதான் கரி பூசி எடுத்தோம்.” ஓட்டலுக்குச் சொல்லாத வார்த்தை இங்கே எளிதாக வந்துவிட்டது. இவர்கள் லியோனுக்கு எழுதப்போவதில்லை.

“சரி. அப்ப அவரு ரோட்டுல படுக்கல?”

சிவசங்கரி போனை எடுத்து, முருகையன் சீருடையில் இருக்கும் படத்தைத் தேடினாள்.

“கேக்கறேன்ல. படுத்தாரா, இல்லியா?”

“படுத்தாருங்க. ஆனா இப்பிடி இல்ல.”

“எப்பிடிப் படுத்தா இன்னாம்மா? ரெண்டு வருசமா என் வூட்டு எலையில குந்திச் சாப்ட்டுட்டு, ஸ்டோர் கீப்பர்னு என் பையன்கிட்ட கம்பெனிக் கத சொல்லிட்டுப் போயிருக்காரு. பால்காரன் எங்கிட்ட சொல்றான், ‘சார், உங்க சம்பந்திய நல்லா பெருசா போட்டிருக்காங்க’ன்னு. வளைகாப்புக்கு நூறு பேரக் கூப்ட்டிருக்கேன். அந்த நூறு பேரும் சிக்னல் வழியாத்தான் வரணும்.”

“பேனர எறக்கிட்டாங்க.”

“பாத்தவங்க கண்ண எறக்கிடுவீங்களா?”

உள் அறை வாசலில் சுடர்விழி வயிற்றில் கைவைத்து நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். மாமனார் உள்ளே போனதும் கதவருகே வந்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று சிவசங்கரி எதிர்பார்த்தாள். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

“அந்த வெள்ளச் சட்ட... ஞாயித்துக்கெழம போட்டுட்டு வருவாரே. அத எங்க வெச்சிருந்தாரு?”

“பேப்பருக்குள்ள மடிச்சி, தலைக்கடியில.”

சுடர்விழி தலையசைத்தாள். “நான் கம்பெனில தேய்ச்சித் தர்றாங்கன்னு நெனச்சேன்.” பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, “ஒம்பதாந்தேதி வர வேணாம்னு சொல்லிடுங்கக்கா. வந்தா அவரத்தான் அசிங்கப்படுத்துவாங்க. கொழந்த பொறக்கட்டும், பாத்துக்கலாம்னு சொல்லுங்க” என்றாள்.

சிவசங்கரி முருகையனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள். இரண்டாவது பாதியைச் சொன்னால் அவர் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார் என்று தோன்றியது. அது நல்லது என்று அப்போது நினைத்தாள்.

ஒன்பதாம் தேதி காலை முருகையன் தங்குமிடத்தில் இல்லை. சீருடை மடித்த பெட்டியாகக் கட்டில்மேல் இருந்தது. வெள்ளைச் சட்டையும் அதன்மேல் இருந்தது.

பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்ற பக்கத்தில் காரணம் எழுத நான்கு கட்டங்கள் உண்டு. நோய், குடி, குடும்பத்தோடு சேர்ந்தார், சொந்த விருப்பம். சிவசங்கரி நான்காவதில் குறியிட்டாள். பத்துப் பேருக்கு வேலை என்று அறிக்கை போனது. அறிக்கையின் அட்டையில் முருகையனின் படம் இருந்தது. மார்ச்சில் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. மதாம் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாராம், அந்தப் படத்தைப் பார்த்து அழுததாக.

நவம்பர் வந்தது. புதுப் பயிற்சிக்கு ஆள் சேர்க்க சிவசங்கரி மதிலோரம் போனாள். இந்த முறை அவள் மறக்கவில்லை. முதல் நாளே அவான் படம் எடுத்துவிட வேண்டும் என்று போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றியிருந்தாள்.

செல்வாம்பாள் அதே இடத்தில் இருந்தாள். கால் புண் முழங்கால்வரை ஏறியிருந்தது. அவள் பக்கத்தில் ஓர் ஆள், நெஞ்சுவரை தாடி, சிக்குப் பிடித்த தலை, அரைக் கோணி.

“யாருன்னு பாக்குறியா? நல்லா பாரு” என்றாள் செல்வாம்பாள். “ஆவான் ஆவான்னு எடுத்தியே, ஆயிட்டான் பாரு.”

முருகையன் தலை தூக்கினார். அவளை அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

“வாம்மா. போட்டோ எடுக்கவா?”

“அண்ணே...”

“இந்தத் தடவ கரி வேணாம்.” அவர் தாடிக்குள் சிரித்தார். முன்பற்களில் ஒன்று இல்லை. “இந்த வருசமும் சர்டிபிகேட் குடுப்பீங்க இல்ல? பேத்தி பொறந்திருக்காம். இவ ஆருகிட்டயோ கேட்டுக்குனு வந்து சொன்னா. ஒரு கார்டு மட்டும் கெடச்சா, தூரத்துல இருந்தாவது பாத்துட்டு வந்துடுவேன்.”

இடைநின்றவரை மறுபடி சேர்க்கக் கூடாது என்பது விதி. அதை அவளே சேர்க்கைத் தாளின் அடியில் தட்டச்சு செய்திருந்தாள். அதை இப்போது சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் மதிலில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கோணியைத் தோளில் இழுத்துவிட்டார். வலது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்து, உள்ளங்கையை மேலே திருப்பினார்.

“கை இப்பிடித்தானேம்மா?”

சிவசங்கரி படத்தை எடுத்தாள். எடுக்காமல் விட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். எடுப்பது அதைவிட எளிதாக இருந்தது.

மாலையில் புருஷோத்தமன் கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். முருகையனின் படத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவரு நம்ம பேனர் ஆளுல்ல? இது இன்னா இப்பிடி இருக்கு? நேரா நம்மளப் பாக்கறாரு. பழைய படத்துல கையப் பாத்தாரு, மனசப் புடிச்சுது. இது பயமா இருக்கு. பழசே போட்டுடுங்க.”

சிவசங்கரி தலையாட்டினாள். திரையில் இரண்டு கோப்புறைகள் திறந்திருந்தன. ஒன்றின் பெயர் அவான், மற்றதன் பெயர் அப்ரே. சுட்டியின் நுனியில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

“சார், அப்ப இத எதுல போடறது?”

“எதுலயும் வேணாம்” என்றார் புருஷோத்தமன். “அழிச்சிடுங்க.”

அவள் அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.